நீல ரிப்பனும் காலிக் குழியும்: உயிர்வேதியியலில் ஏ.ஐ. குறித்து வாசகர் கேள்வி பதில்

உயிர்வேதியியல் ஆய்வில் செயற்கை நுண்ணறிவு பற்றிக் கேட்டு எழுதியவர்கள் பெரும்பாலும் கையில் பிப்பெட் பிடிக்கிறவர்கள். அதனால் பதில்களும் பெஞ்சை ஒட்டியே இருக்கின்றன.

கேள்வி: ஆல்ஃபாஃபோல்ட் (புரதத்தின் வரிசையிலிருந்து முப்பரிமாண வடிவத்தைக் கணிக்கும் ஏ.ஐ. மாடல்) தரவுத்தளத்திலிருந்து என் நொதியின் அமைப்பை இறக்கினேன். நடுப்பகுதி நீலமாக இருக்கிறது, தொடக்கத்தில் நூல் பிரிந்தது போல ஆரஞ்சு நிற வால். இதை அப்படியே வைத்து டாக்கிங் (ஒரு சிறு மூலக்கூறு புரதத்தில் எப்படி உட்காரும் என்று கணினியில் பொருத்திப் பார்ப்பது) செய்யலாமா? (முதுகலை மாணவி)

பதில்: இன்றைக்கே வேண்டாம். முதலில் நிறத்தைப் படியுங்கள். ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் 0 முதல் 100 வரை ஒரு நம்பிக்கை மதிப்பெண் உண்டு. பெயர் பி.எல்.டி.டி.டி. 90-ஐத் தாண்டினால் கருநீலம். அங்கே பக்கச் சங்கிலிகள்கூடப் பெரும்பாலும் சரியாக உட்கார்ந்திருக்கும். 70 முதல் 90 வரை வெளிர்நீலம். முதன்மைச் சங்கிலியை நம்பலாம், பக்கச் சங்கிலி வேறு பக்கம் திரும்பியிருக்கலாம். 50 முதல் 70 வரை மஞ்சள், அதற்கும் கீழே ஆரஞ்சு. ஆரஞ்சு வால் என்றால் மாடல் தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. அந்தப் பகுதிக்குத் தனியாக இருக்கும்போது நிலையான வடிவமே இல்லை என்பதைத்தான் பல நேரம் அது காட்டுகிறது. வால் எந்தப் பக்கம் வளைந்து நிற்கிறது என்பதற்கு எந்தப் பொருளும் கிடையாது. டாக்கிங்குக்கு முன் அதை வெட்டிவிடுங்கள். இன்னொன்றையும் பாருங்கள்: தரவுத்தளத்தில் இருப்பது முழு வரிசை. உங்கள் நொதி செல்லுக்கு வெளியே சுரக்கப்படுவதாக இருந்தால், முதல் 20 அமினோ அமிலங்கள் போல சிக்னல் பெப்டைடாக இருக்கும். முதிர்ந்த புரதத்தில் அவை இருக்காது.

இங்கே பலரும் சறுக்கும் ஓர் இடம் உண்டு. இந்த மதிப்பெண், கோப்பில் பி-ஃபேக்டர் எழுதப்படும் கட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. எக்ஸ்ரே படிக அமைப்பில் பி-ஃபேக்டர் அதிகம் என்றால் அந்த அணு ஆடுகிறது என்று பொருள்; இங்கே எண் அதிகம் என்றால் நம்பிக்கை அதிகம். பார்வை மென்பொருளில் வழக்கம்போல பி-ஃபேக்டரை வைத்து நிறம் போட்டால் மிக நல்ல பகுதி சிவப்பாகவும், மோசமான வால் நீலமாகவும் தெரியும். படிகவியல் வேலைக்கு இந்த மாடலைத் தொடக்கமாகக் கொடுக்கும்போதும் எண்ணை மாற்றிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

அடுத்தது பி.ஏ.இ. வரைபடம், அதாவது எதிர்பார்க்கப்படும் நிலைப் பிழை. நொதியில் இரண்டு டொமைன் (தனியாக மடியும் பகுதி) இருந்து இரண்டும் கருநீலமாகவே இருக்கலாம். ஆனால் ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பது மாடலுக்கே தெரியாமல் இருக்கலாம். அதை நிறம் சொல்லாது, பி.ஏ.இ. சொல்லும். இரு டொமைனுக்கும் இடையிலான சதுரத்தில் பிழை 5 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் அந்தக் கோணத்தை நம்பலாம். 20, 25 என்று நின்றால் படத்தில் தெரியும் இடைவெளி வெறும் தற்செயல். உங்கள் செயல்மையம் இரண்டு டொமைனுக்கு நடுவே இருந்தால் டாக்கிங்கின் தலையெழுத்து இந்தச் சதுரத்தில்தான் இருக்கிறது.

மூன்றாவது, குழி காலியாக இருக்கிறதா என்பது. தரவுத்தளத்தில் உள்ள படங்களில் ஹீம் இல்லை, துத்தநாகம் இல்லை, என்.ஏ.டி. இல்லை, நீர் மூலக்கூறும் இல்லை. மயோகுளோபினைத் திறந்து பாருங்கள்: ஹிஸ்டிடின் இரும்பைப் பிடிக்கத் தயாராகக் கையை நீட்டிக்கொண்டு நிற்கும், நடுவே ஒன்றும் இருக்காது. பயிற்சியில் பார்த்த அமைப்புகளில் ஹீம் இருந்ததால் குழியின் வடிவம் சரியாக வந்திருக்கிறது; ஹீமை மட்டும் காணோம். அந்தக் காலி இடத்தில் உங்கள் மருந்து மூலக்கூறை டாக் செய்தால், அது ஹீமின் நாற்காலியில் அழகாக உட்கார்ந்து அருமையான மதிப்பெண் வாங்கும். அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

ஆகவே வரிசை இது. சோதனையில் கண்ட புரத அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் பி.டி.பி. வங்கியில் உறவுப் புரதம் ஒன்று லிகண்டுடன் (அதனுடன் பிணையும் மூலக்கூறுடன்) இருக்கிறதா என்று தேடுங்கள். அதை உங்கள் மாடல் மேல் பொருத்தி, ஹீம், என்.ஏ.டி. போன்ற துணைக்காரணியையும் உலோக அயனியையும் அங்கிருந்து இடம் மாற்றுங்கள். குழியைச் சுற்றியுள்ள எல்லா அமினோ அமிலங்களும் 90-க்கு மேல் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஹிஸ்டிடின்களில் எந்த நைட்ரஜனில் புரோட்டான் என்பதைக் கையால் முடிவு செய்யுங்கள். பிறகு புதிய மூலக்கூறுக்கு முன், ஏற்கெனவே பிணையும் விதம் தெரிந்த ஒரு லிகண்டை டாக் செய்யுங்கள். அது தெரிந்த நிலையிலிருந்து 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் வந்தால் மேலே போகலாம். வராவிட்டால், உங்கள் நூலகத்தில் எத்தனை லட்சம் மூலக்கூறு இருந்தாலும் அந்த ஓட்டத்தால் பயனில்லை.

கேள்வி: வரிசையை மட்டும் கொடுத்தால் வடிவம் எப்படி வருகிறது? இயற்பியல் கணக்கா, மனப்பாடமா? (கல்லூரி ஆசிரியர்)

பதில்: இரண்டுக்கும் நடுவே. பரிணாமம் விட்டுச் சென்ற தடயத்தைப் படிப்பது என்று சொல்வதே பொருத்தம். ஒரு புரதத்தின் உறவினர்களைப் பல உயிரினங்களிலிருந்து திரட்டி ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குகிறார்கள். 40-வது இடத்தில் நேர்மின் லைசின் எதிர்மின் குளுட்டமேட்டாக மாறும்போதெல்லாம் 112-வது இடமும் எதிர்த்திசையில் மாறுகிறது என்றால், வரிசையில் தள்ளி இருந்தாலும் முப்பரிமாணத்தில் அவை பக்கத்துப் பக்கத்தில் இருக்கக்கூடும். இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான ஜோடிக் குறிப்புகளை, 1971-ல் வெறும் 7 அமைப்புகளுடன் தொடங்கி இன்று இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்ட பி.டி.பி. வங்கியின் சோதனைத் தரவுடன் சேர்த்துப் பயின்றதுதான் ஆல்ஃபாஃபோல்ட் 2. 2020-ல் நடந்த காஸ்ப் 14 போட்டியில், வெளியிடப்படாத அமைப்புகளைக் கணித்து மற்ற குழுக்களை வெகுதூரம் பின்னுக்குத் தள்ளியது. 2024-ம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் பாதி, கணினி வழிப் புரத வடிவமைப்புக்காக டேவிட் பேக்கருக்கும், மறுபாதி அமைப்புக் கணிப்புக்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் போனது. படிகம் வளர்த்துத் தரவு தந்தவர்களின் ஐம்பது ஆண்டு உழைப்பு இல்லாமல் இதில் எதுவும் நடந்திருக்காது.

உங்களுக்கு உடனே பயன்படும் எண் ஒன்று: அடுக்கில் உறவு வரிசைகள் ஏறத்தாழ 30-க்குக் கீழே போனால் துல்லியம் வேகமாகச் சரியும், 100-ஐத் தாண்டிவிட்டால் கூடுதல் வரிசைகளால் கிடைக்கும் லாபம் சிறிது. ஒரே ஒரு வைரஸில் மட்டும் உள்ள, உறவினரே இல்லாத புரதத்துக்கு மோசமான படம் வருவது இதனால்தான். எதிர்ப்பொருளின் (ஆன்டிபாடி) பிணையும் வளையங்களும் அப்படித்தான். அவற்றுக்குப் பரிணாம அடுக்கே உதவாது.

கேள்வி: நோயாளி ஒருவரிடம் கண்ட மாற்றத்தின்படி ஒரு கிளைசினை வேலினாக மாற்றி ஓட்டினேன். படம் அச்சு அசலாக அப்படியே வந்தது. அப்படியானால் அந்த மாற்றம் தீங்கற்றதா? (ஆய்வு மாணவர்)

பதில்: இல்லை. இந்த முடிவை எழுதிவிடாதீர்கள். மாடல் பார்ப்பது உறவு வரிசைகளின் அடுக்கை. ஆயிரம் வரிசைகள் ஒரு வடிவத்தைச் சொல்லும்போது, நீங்கள் மாற்றிய ஒரே எழுத்துக்கு அங்கே குரல் இல்லை. அது தருவது "இந்தக் குடும்பம் மடிந்தால் எப்படி இருக்கும்" என்ற படம். "இந்த மூலக்கூறு மடியுமா, எத்தனை டிகிரி வரை தாங்கும்" என்பது வேறு கேள்வி. அதற்கு அந்த மாடல் பயிற்றுவிக்கப்படவில்லை.

இந்தக் கேள்விக்கென்று இருக்கும் கருவிகளுக்குப் போங்கள். 2023-ல் வந்த ஆல்ஃபாமிஸென்ஸ், மனிதப் புரதங்களில் சாத்தியமான சுமார் 7.1 கோடி ஒற்றை மாற்றங்களுக்கு 0 முதல் 1 வரை மதிப்பெண் தந்திருக்கிறது. 0.34-க்குக் கீழே தீங்கற்றதாக இருக்கக்கூடும், 0.564-க்கு மேல் தீங்கானதாக இருக்கக்கூடும், நடுவே உள்ளவை தெளிவற்றவை. ஆனால் அது ஏன் தீங்கு என்று சொல்லாது: புரதம் நிலை குலைகிறதா, செயல்மையம் கெடுகிறதா, துணைப் புரதத்தைப் பிடிக்க முடியவில்லையா? நோயறிதலுக்கு அந்த ஓர் எண் போதவும் போதாது.

நிலைத்தன்மையைத் தெரிந்துகொள்ள ஒரு மதியம் போதும். இயல்புப் புரதம், மாற்றப் புரதம் இரண்டையும் ஒரே நாளில், ஒரே பஃபரில், 2 முதல் 5 மைக்ரோமோலார் செறிவில், குழிக்கு 20 மைக்ரோலிட்டர் வீதம் மும்மூன்றாக வையுங்கள். 5000 மடங்குச் செறிவில் வரும் சைப்ரோ ஆரஞ்சு சாயத்தை (புரதம் அவிழும்போது இது ஒளிரும்) 5 மடங்குக்கு நீர்த்துச் சேருங்கள். ரியல்-டைம் பி.சி.ஆர். கருவியில் 25-லிருந்து 95 டிகிரி வரை நிமிடத்துக்கு 1 டிகிரி ஏற்றுங்கள். உருகுநிலை (புரதம் பாதி அவிழும் வெப்பநிலை) 8, 10 டிகிரி இறங்கியிருந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. அரை டிகிரி வேறுபாடு என்றால் நிலைத்தன்மையை விட்டுவிட்டு வினைவேகத்தை அளக்கப் போங்கள். பஃபரில் டிட்டர்ஜென்ட் இருந்தால் சாயம் 25 டிகிரியிலேயே ஒளிரும், வளைவே வராது. வெற்றுப் பஃபர் குழி ஒன்றை எப்போதும் வையுங்கள்.

கேள்வி: இரண்டு புரதங்கள் இணைகின்றன என்று காட்ட, ஐ.பி.டி.எம். (இணைப்புக்கு மாடல் தரும் 0 முதல் 1 வரையிலான நம்பிக்கை மதிப்பெண்) 0.8-க்கு மேல் இருந்தால் போதுமா?

பதில்: 0.8-க்கு மேல் நல்ல அறிகுறி, 0.6-க்குக் கீழே பெரும்பாலும் தோல்வி, நடுவே இரண்டும் நடக்கும். அத்துடன் நிறுத்திக்கொள்ளாமல் மூன்று வேலை செய்யுங்கள். ஐந்து வேறு விதை எண்களில் (மாடல் தொடங்கும் தற்செயல் எண்) ஓட்டுங்கள்; இணையும் முகம் ஒவ்வொரு முறையும் வேறு இடத்துக்குத் தாவினால் நம்பாதீர்கள். இரு புரதங்களுக்கும் இடையிலான பி.ஏ.இ. சதுரத்தைப் பாருங்கள். மிக முக்கியமாக, இணையவே இணையாது என்று தெரிந்த, அதே நீளமுள்ள பத்துப் புரதங்களை அதே புரதத்துடன் ஓட்டுங்கள். அவையும் 0.7 வாங்கினால் உங்கள் 0.8-க்கு எடை குறைவு. எத்தனை நகல் என்று நீங்கள் கொடுத்ததைத்தான் மாடல் கட்டும்: உண்மையில் நான்கு நகலாக வாழும் புரதத்தை ஒற்றையாகக் கொடுத்தால், உள்ளே மறைந்திருக்க வேண்டிய ஒட்டும் முகம் வெளியே தெரியும், வேறு எதையாவது அங்கே கொண்டுபோய் ஒட்டிவிடும். ஆல்ஃபாஃபோல்ட் 3, நிலையான வடிவமில்லாத பகுதிகளைக்கூடச் சில நேரம் அழகான ஹெலிக்ஸாக வரைந்து காட்டும். அங்கேயும் மதிப்பெண் தாழ்ந்தே இருக்கும், ஆனால் கண் படத்தைத்தான் முதலில் பார்க்கிறது.

கேள்வி: ஒரு புரதத்தைப் பிடிக்கும் புதிய சிறு புரதத்தை வடிவமைக்க விரும்புகிறோம். முழு வேலையையும் படிப்படியாகச் சொல்ல முடியுமா? எங்கே கெட்டுப்போகும்? (ஆய்வுக் குழுவினர்)

பதில்: சொல்கிறோம். இந்த இதழில் வந்த கேள்விகளில் மிகவும் உழைப்பு கேட்பது இதுதான்.

இலக்குப் புரதத்தை முதலில் வெட்டுங்கள். பிடிக்க வேண்டிய இடத்தைச் சுற்றியுள்ள டொமைன் மட்டும் போதும். புரதம் நீண்டால் கணினி நேரம் கடுமையாக ஏறும். ஆனால் வெட்டும்போது உள்ளே இருந்த நீர்விலக்கும் மையம் வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் எல்லா வடிவமைப்பும் அங்கேதான் போய் ஒட்டும். அடுத்து, ஒட்ட வேண்டிய இடத்தில் 3 முதல் 6 அமினோ அமிலங்களைக் குறியிடங்களாகக் கொடுங்கள். லியூசின், ஃபினைல் அலனின், டிரிப்டோஃபேன் போன்ற நீர்விலக்கிகள் சில கட்டாயம் இருக்கட்டும். முழுக்க மின்சுமையாலான தட்டையான மேற்பரப்பும், சர்க்கரைச் சங்கிலி தொங்கும் இடமும் பயன்படாது. மாடலுக்கு அந்தச் சர்க்கரை தெரியாது.

முதன்மைச் சங்கிலியை வரைவது ஆர்.எஃப்.டிஃப்யூஷன். 2023-ல் பேக்கர் குழு வெளியிட்டது. வெறும் இரைச்சலிலிருந்து தொடங்கிப் படிப்படியாகச் சுத்தம் செய்து ஒரு வடிவத்துக்கு வரும். நீளம் 60 முதல் 100 அமினோ அமிலம் வைத்தால் ஜீன் வாங்குவதும் எளிது. சில நூறு வடிவங்களை முதலில் எடுத்துக் கண்ணால் பாருங்கள். எல்லாமே மூன்று ஹெலிக்ஸ் கட்டாக வந்தாலோ, குறியிடத்தை விட்டு விலகியிருந்தாலோ குறியிடத்தை மாற்றுங்கள். சரியாக வந்தபிறகு ஆயிரக்கணக்கில் ஓட்டுங்கள். கடினமான இலக்குக்குப் பத்தாயிரம் வரை போவது வழக்கம்.

வடிவத்துக்கு வரிசை எழுதுவது 2022-ன் புரோட்டீன்எம்.பி.என்.என். வெப்பநிலை அமைப்பை (வரிசைத் தேர்வில் எவ்வளவு தற்செயல் என்பது) 0.1 போலத் தாழ்வாக வையுங்கள். சிஸ்டினைத் தவிர்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தேவையற்ற டைசல்ஃபைடால் புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அருகே லிகண்டோ உலோகமோ இருந்தால் இந்த மாடலுக்கு அது கண்ணில் படாது, அதற்கு லிகண்ட்எம்.பி.என்.என். வேண்டும். பிறகு ஒவ்வொரு வரிசையையும் ஆல்ஃபாஃபோல்ட் 2-க்குக் கொடுத்து வடிகட்டுங்கள்: பி.எல்.டி.டி.டி. 80-க்கு மேல், இணைமுகத்தின் பி.ஏ.இ. 10-க்குக் கீழே, வரைந்த வடிவத்துக்கும் கணித்த வடிவத்துக்கும் வேறுபாடு 1 அல்லது 2 ஆங்ஸ்ட்ராமுக்குள். பெரும்பாலானவை இங்கேயே உதிரும். ஒன்றுகூடத் தேறவில்லை என்றால் வரம்பைத் தளர்த்தாதீர்கள், முதல் படிக்குத் திரும்புங்கள்.

ஆர்.எஃப்.டிஃப்யூஷனை அறிமுகப்படுத்திய கட்டுரையில் ஐந்து இலக்குகளுக்கு, இலக்குக்கு 95 வடிவமைப்புகள் வீதம் செய்து பார்த்தார்கள். மொத்த வெற்றி சுமார் 19 சதவீதம். அதற்கு முந்தைய முறைகளுடன் ஒப்பிட்டால் இது மிகப் பெரிய பாய்ச்சல். ஆனாலும் ஐந்தில் நான்கு பிடிக்கவில்லை. இரண்டே இரண்டு ஜீன் வாங்கிவிட்டு "ஏ.ஐ. வேலை செய்யவில்லை" என்று முடித்துவிடாதீர்கள். ஒரு 96 குழித் தட்டாவது திட்டமிடுங்கள்.

இனி பெஞ்சுக்கு வருவோம். ஜீனை ஆர்டர் செய்யும்முன் வரிசையைக் கண்ணால் வாசியுங்கள். புரோட்டீன்எம்.பி.என்.என்.-க்கு குளுட்டமேட், லைசின், அலனின் மேல் தீராத ஆசை. "இ-இ-கே-ஏ-கே-இ" என்று திரும்பத் திரும்ப வந்தால் ஜீன் தயாரிப்பவர் மறுப்பார். கோடான்களை மாற்றி எழுதித் திரும்பல்களை உடையுங்கள். அதே ஆசையின் இன்னொரு விளைவு சுத்திகரித்த பிறகு தெரியும். புரதம் 280 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சுவது டிரிப்டோஃபேனாலும் டைரோசினாலும்தான்: முன்னதற்கு 5500, பின்னதற்கு 1490 என்று மோலார் உறிஞ்சல் கெழு. இரண்டும் இல்லாத வரிசைக்கு எண் பூஜ்யம். ஜெல்லில் தடித்த பட்டை இருக்கும், ஸ்பெக்ட்ரோமீட்டர் "புரதமே இல்லை" என்று சொல்லும். ஹிஸ்டிடின் வாலுக்கும் (நிக்கல் ரெசினில் ஒட்டுவதற்காகச் சேர்க்கும் ஹிஸ்டிடின் தொடர்) புரதத்துக்கும் நடுவே உள்ள இணைப்பில் ஒரு டிரிப்டோஃபேனைச் சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லை வராது.

ஈ.கோலை பாக்டீரியாவின் பி.எல்.21 டி.இ.3 ரகத்தில், 18 டிகிரியில், புரத உற்பத்தியைத் தூண்டும் ஐ.பி.டி.ஜி. 0.5 மில்லிமோலார் கொடுத்து இரவு முழுதும் வளருங்கள். ஒரு லிட்டருக்கு 1 மோலார் கரைசலில் 0.5 மி.லி. போதும். நிக்கல் ரெசினுக்குப் பிறகு அளவுப் பிரிப்பு நிரலைத் தவறவிடாதீர்கள். ஒற்றையாக வராமல் தொடக்கத்திலேயே கட்டியாக வெளியேறும் புரதம், பிணைப்புச் சோதனையில் எல்லாவற்றிலும் ஒட்டி அற்புதமான வளைவு தரும். பயோலேயர் இன்டர்ஃபெராமெட்ரியில் (பிணைப்பை ஒளியால் அளக்கும் முறை) இலக்கு ஏற்றாத வெறும் முனை ஒன்றையும், தொடர்பில்லாத புரதம் ஏற்றிய முனை ஒன்றையும் எப்போதும் வையுங்கள். கடைசியாக, இணைமுகத்தில் உள்ள ஓர் அமினோ அமிலத்தைக் கெடுத்து மீண்டும் சோதியுங்கள். பிணைப்பு போய்விட்டால், வரைந்த இடத்தில்தான் பிடித்திருக்கிறது.

கேள்வி: நொதிகளின் கே-கேட் மதிப்பைக் (ஒரு நொதி மூலக்கூறு நொடிக்கு எத்தனை வினை முடிக்கிறது என்பது) கணிக்க நானே ஒரு மாடல் பயிற்றுவித்தேன். சோதனைத் தொகுப்பில் அருமையான பொருத்தம். எங்கள் புதிய நொதிக்குக் கொடுத்தால் ஆயிரம் மடங்கு பிழை. ஏன்? (முனைவர் பட்ட மாணவர்)

பதில்: தரவை எப்படிப் பிரித்தீர்கள் என்று கேள்வியில் இல்லை, குலுக்கிப் பிரித்திருப்பீர்கள் என்று தோன்றுகிறது. பிரெண்டா போன்ற நொதித் தரவுத் தொகுப்புகளில் ஒரே நொதியின் இயல்பு வடிவமும் அதன் இருபது மாற்றங்களும் தனித்தனி வரிகளாக இருக்கும். குலுக்கிப் பிரித்தால் பதினாறு பயிற்சிக்கும் நான்கு சோதனைக்கும் போகும். மாடல் நொதியின் முகத்தை நினைவில் வைத்துப் பதில் சொல்லிவிடும். வேதியியல் எதையும் கற்றிருக்காது.

எம்.எம்.சீக்ஸ்2 மென்பொருள் கொண்டு வரிசைகளை 30 சதவீத ஒற்றுமையில் கொத்துகளாக்கி, ஒரு முழுக் கொத்தையும் ஒரே பக்கம் வையுங்கள். வினைபடுபொருளும் இரு பக்கமும் ஒன்றாக இருந்தால் அதையும் பிரிக்க வேண்டும். மதிப்பெண் சட்டென்று விழும். அந்த விழுந்த எண்தான் உண்மையான எண். அதன் பக்கத்தில் இன்னொன்றையும் போடுங்கள்: "மிக நெருங்கிய வரிசையின் மதிப்பையே பதிலாகச் சொல்" என்ற ஒரு வரி முறை. உங்கள் வலைப்பின்னல் அதை வெல்லவில்லை என்றால் கட்டுரை எழுத இன்னும் நேரமிருக்கிறது.

தரவையும் துடையுங்கள். நிமிடத்துக்கு என்று எழுதியதை நொடிக்கு என்று பதிந்திருந்தால் 60 மடங்கு பிழை, கே.எம்.-ல் (பாதி வேகத்துக்குத் தேவையான வினைபடுபொருள் செறிவு) மில்லிமோலாரும் மைக்ரோமோலாரும் மாறினால் 1000 மடங்கு. 25 டிகிரியில் அளந்ததும் 70 டிகிரியில் அளந்ததும் ஒரே பத்தியில் கலந்திருக்கும். மிகப் பெரிய 50 மதிப்புகளையும் மிகச் சிறிய 50 மதிப்புகளையும் மூலக் கட்டுரையைத் திறந்து கையால் சரிபாருங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் எந்தப் புதிய கட்டமைப்பையும்விட இது அதிகம் திருப்பித் தரும்.

கேள்வி: பஃபர் தயாரிக்க உரையாடல் மாடலிடம் கேட்கிறேன். நம்பலாமா?

பதில்: கூட்டல் பெருக்கலைவிட வேதியியலில்தான் கவனம் வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: "ஹிஸ்டிடின் வால் புரதத்துக்கு செல் உடைக்கும் பஃபர், 500 மி.லி." என்று கேட்டால் இப்படி ஒரு பதில் வரக்கூடும்: 50 மில்லிமோலார் டிரிஸ், 300 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, 20 மில்லிமோலார் இமிடசோல், 5 மில்லிமோலார் இ.டி.டி.ஏ., 10 மில்லிமோலார் டி.டி.டி. (டைதியோதிரைட்டால் என்ற ஒடுக்கி), பிஎச் 8. எடைகளும் சரியாகவே இருக்கும்: டிரிஸ் 3.03 கிராம், உப்பு 8.77 கிராம், இமிடசோல் 0.68 கிராம். ஆனால் இ.டி.டி.ஏ. ரெசினிலிருந்து நிக்கலையே பிடுங்கிவிடும்; உங்கள் புரதம் ஒட்டாமல் முதல் கழுவலிலேயே ஓடும். அவ்வளவு டி.டி.டி. நிக்கலை ஒடுக்கி ரெசினைப் பழுப்பாக்கும். இரண்டும் செல் உடைக்கும் பஃபர்களில் மிகச் சாதாரணம் என்பதால் சேர்ந்து வந்துவிடுகின்றன. இ.டி.டி.ஏ. இல்லாத புரோட்டியேஸ் தடுப்பான் வாங்குங்கள்; ஒடுக்கி வேண்டுமென்றால் 1 மில்லிமோலார் டி.சி.இ.பி. போதும்.

பிஎச்-ஐயும் கேட்டு வாங்க வேண்டும். டிரிஸின் பி.கே.ஏ. ஒரு டிகிரிக்கு சுமார் 0.028 நகரும். 25 டிகிரியில் 8.0 வைத்த பஃபர் 4 டிகிரிக் குளிர் அறையில் ஏறத்தாழ 8.6. வேலை எந்த வெப்பநிலையில் நடக்கிறதோ அதிலேயே பிஎச் வையுங்கள். மாடல் தரும் மேற்கோள் கட்டுரை எதையும் அதன் டி.ஓ.ஐ. எண்ணைத் திறந்து பார்க்காமல் எடுக்காதீர்கள். இல்லாத கட்டுரைக்கு நல்ல தலைப்பு எழுத அதற்குத் தெரியும். காப்புரிமைக்குப் போகும் வரிசையைப் பொது உரையாடல் பெட்டியில் ஒட்டாதீர்கள்.

கேள்வி: ஏ.ஐ. கண்டுபிடித்த ஆன்டிபயாடிக் என்று ஹாலிசினைச் சொல்கிறார்கள். உண்மையில் என்ன நடந்தது? (பள்ளி ஆசிரியை)

பதில்: எம்.ஐ.டி. குழு முதலில் 2,335 மூலக்கூறுகளை ஈ.கோலை மேல் போட்டு, வளர்ச்சி நிற்கிறதா என்று ஆய்வுக்கூடத்தில் அளந்தது. அந்தத் தரவில் பயின்ற மாடலைக் கொண்டு, மருந்தாக ஏற்கெனவே ஆராயப்பட்ட சுமார் 6,000 மூலக்கூறுகளைத் தரவரிசைப்படுத்தினார்கள். மேலே வந்த 99-ஐச் சோதித்தபோது 51 பாக்டீரியாவைத் தடுத்தன. அடிமட்டத்திலிருந்து 63-ஐச் சோதித்தபோது வெறும் 2. மேலே இருந்தவற்றில் ஒன்று, முன்பு நீரிழிவுக்காக ஆராயப்பட்ட ஒரு மூலக்கூறு. அதற்குத்தான் 2020-ல் ஹாலிசின் என்று பெயர் வைத்தார்கள். மாணவர்களிடம் அந்த 51-ஐயும் 2-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். மாடல் செய்தது எங்கே தேட வேண்டும் என்று சுட்டியது. மேலே வந்தவற்றிலும் ஏறத்தாழ பாதி வேலை செய்யவில்லை. எந்தப் பாதி என்று சொன்னது பெட்ரித் தட்டு.

கேள்வி: மாஸ் ஸ்பெக் (நிறை நிறமாலை) தரவில், ஏ.ஐ. கணித்த பெப்டைடு நூலகத்தைக் கொண்டு தேடினால் புரத எண்ணிக்கை கூடுகிறது. சந்தேகப்பட வேண்டுமா?

பதில்: கொஞ்சம். பெப்டைடு எப்படி உடையும், எந்த நிமிடத்தில் வெளிவரும் என்பதை புராசிட் போன்ற மாடல்கள் நன்றாகவே கணிக்கின்றன, டி.ஐ.ஏ.-என்.என். மென்பொருள் அப்படிப்பட்ட கணிப்பு நூலகத்துடன் தேடுகிறது. ஆனால் 1 சதவீதப் பிழை வரம்பில் 5,000 புரதம் என்றால் 50 பொய்யாக இருக்கலாம், அதுவும் அந்த வரம்பு சரியாகக் கணக்கிடப்பட்டிருந்தால்தான். உங்கள் சாம்பிளில் இருக்கவே முடியாத ஓர் உயிரினத்தின் புரத வரிசைகளைத் தரவுத்தளத்தில் சேர்த்து ஓட்டுங்கள். அவை எத்தனை "கிடைக்கின்றன" என்று எண்ணினால் உண்மையான பிழை தெரியும். மோதல் ஆற்றல் அமைப்பு உங்கள் கருவிக்குப் பொருந்துகிறதா, சிஸ்டின் மாற்றத்தை நீங்கள் செய்த வேதிவினைப்படி கொடுத்தீர்களா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: எங்களிடம் பெரிய கணினி இல்லை. எதில் தொடங்குவது? கட்டுரையின் செய்முறைப் பகுதியில் என்னென்ன எழுத வேண்டும்?

பதில்: உங்கள் புரதம் ஏற்கெனவே கணிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், ஆல்ஃபாஃபோல்ட் தரவுத்தளத்தில் 20 கோடிக்கு மேல் அமைப்புகள் இலவசம். புதிய வரிசைக்கு, ஆல்ஃபாஃபோல்டை எளிதாக ஓட்ட உதவும் கொலாப்ஃபோல்ட் போதும். உறவு வரிசைத் தேடலை வேறொரு சர்வரில் செய்துகொள்வதால், ஆல்ஃபாஃபோல்ட் 2 கேட்கும் 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட தரவுத்தளம் உங்களுக்குத் தேவையில்லை. 16 ஜி.பி. நினைவுள்ள ஜி.பி.யு.-வில் மொத்த நீளம் 2,000 அமினோ அமிலத்தை நெருங்கினால் நினைவு போதாமல் நின்றுவிடும். டொமைன்களாகப் பிரித்து ஓட்டுங்கள். ஆல்ஃபாஃபோல்ட் 3 வேண்டுமென்றால் அதன் இணைய சர்வர் இருக்கிறது, நாள் ஒன்றுக்கு இத்தனை என்ற வரம்புடன், வணிகம் சாராத பயன்பாட்டுக்கு மட்டும்.

செய்முறைப் பகுதியில்: மென்பொருளின் பெயரும் பதிப்பு எண்ணும், ஓட்டிய தேதி, கொடுத்த வரிசை முழுதும் வாலுடன் சேர்த்து, நகல் எண்ணிக்கை, விதை எண், மறுசுழற்சி (மாடல் தன் விடையை மீண்டும் தனக்கே கொடுப்பது) எத்தனை முறை, டெம்ப்ளேட் (மாதிரியாகக் கொடுக்கும் தெரிந்த அமைப்பு) பயன்படுத்தினீர்களா, ஐந்து மாடல்களில் எதை ஏன் எடுத்தீர்கள். படத்தை பி.எல்.டி.டி.டி. நிறத்திலேயே அச்சிடுங்கள், ஆரஞ்சு வாலை மறைத்திருந்தால், எத்தனையாவது அமினோ அமிலம் வரை மறைத்தீர்கள் என்று படத்தின் கீழே எழுதுங்கள். பி.ஏ.இ. கோப்பைத் துணைத் தரவாகச் சேருங்கள். மதிப்பீட்டாளர் முதலில் கேட்பது அதைத்தான்.